பல்லி தொட்ட கை

எங்கள் தெருவில் ஒருத்தர் இருந்தார். அவரிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பி வர முடியாது. "ஏரிக்கரையில பேய் உலாவுதாம்ணா" என்றால், கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமலே "நீ பாத்தியா?" என்பார். "நான் பாக்கலை, பால்காரர் பாத்தாராம்" என்றால், மறுநாள் பால்காரரை வழியில் நிறுத்தி "நீ பாத்தியாபா?" என்று கேட்பார். பால்காரர் தன் மச்சானைக் கைகாட்டுவார். மச்சான் முசரவாக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கம் போகும்போது மறக்காமல் மச்சானையும் விசாரித்துவிட்டு வருவார். கடைசியில் பார்த்தவர் என்று ஒருத்தரும் அகப்படமாட்டார். அதற்குள் நமக்குப் பேயின் மேலிருந்த ஆசையே போயிருக்கும்.

அதனால் தெருவில் அவருக்குப் 'பாத்தியா' என்றுதான் பெயர். அவர் வீடு பாத்தியா வூடு, அவர் சைக்கிள் பாத்தியா சைக்கிள். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதாக நினைவில்லை.

நாங்கள் அப்போது பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பட்டுத் தறி. எதிர்வரிசையில் சற்றுத் தள்ளி ஒரு வீட்டில் அவரும் அவர் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். தாமல் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. யானைக்கால் ஒழிப்பு வேலைக்காக ஊருக்கு வந்தவர். அந்த நாளில் கடைவீதிக்குப் போய்வந்தால் கால் வீங்கிய யாரையாவது பார்க்காமல் திரும்ப முடியாது. வெளியூரில் எங்களுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். சாக்கடையில் கொசு மருந்து ஊற்றுவதும், வீடு வீடாக விரலைக் குத்தி ரத்தம் எடுப்பதும் அவர் வேலை. அந்தப் புழு இருட்டிய பிறகுதான் ரத்தத்தில் மேலே வருமாம். அதனால் ஊர் பாய் விரிக்கிற நேரமாகப் பார்த்து ஊசியோடு வந்து நிற்பார். அவரைப் பிடிக்காதவர்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

சாமி கும்பிடமாட்டார். ஆட்சி மாறியிருந்த புதிது அது. தெருவுக்குத் தெரு கட்சிக்காரர்கள் படிப்பகம் வைத்திருந்தார்கள். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையவே உண்டு. அவர்களில் பாதிப் பேர், பேசி முடித்து வீட்டுக்குப் போனதும் பெண்சாதி நீட்டுகிற விபூதியைப் பேசாமல் பூசிக்கொள்வார்கள். இவர் வீட்டில் அந்த வேலை நடக்காது. அதே சமயம் படிப்பகத்துக்காரர்களும் இவரை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பேசிவிட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருத்தர், ஏதோ ஒரு கோயிலில் சிலையின் கண்ணில் எண்ணெயைத் தடவி அம்மன் அழுகிறாள் என்று ஊரை ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கைதட்டல் முடிந்ததும் இவர் எழுந்து, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். பேச்சாளர் சோடா குடித்தார். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து தறிக்குழியில் உட்கார்ந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அந்தக் கேள்வி எல்லோருக்கும் தொல்லைதான். ஆனால் ஒரு முறை அது ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. எங்கள் தெருக் கோடியில் பட்டு இழை சுற்றிப் பிழைக்கும் ஒருத்தி இருந்தாள். அவள் மகளுக்கு வாலாஜாபாத் பக்கம் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அந்தப் பெண் சாயப்பட்டறைப் பையனோடு சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. ஒரு நாள் காலையில் தெருக்குழாயடியில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. தாய்க்காரி குடத்தோடு வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள். பக்கத்துச் சாக்கடையில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதலில் நின்றவளைப் பார்த்து, "நீ பாத்தியாமா?" என்றார். அவள் அடுத்தவளைக் காட்டினாள். அடுத்தவள் இன்னொருத்தியைக் காட்டினாள். கடைசியில் நின்றவள், "ஆமா, நான் பாத்தேன். அந்த ரோஸ் புடவைதான். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"புடவையப் பாத்தியா, மூஞ்சியப் பாத்தியா?"

அந்தத் தீபாவளிக்குத் தவணைக்காரன் கொண்டுவந்து கொடுத்த ரோஸ் புடவை தெருவில் பாதிப் பேரிடம் இருந்தது. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற எங்களுக்கு உடுத்த அதுதான். பார்த்தேன் என்று சொன்னவளே அதைத்தான் கட்டியிருந்தாள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். கல்யாணம் தை மாதம் நடந்தது.

என் மாமியார் மட்டும் அவரை விடுவதாக இல்லை. ரத்தம் எடுக்க வந்தவரிடம் ஒரு நாள் விரலை நீட்டாமல், "புழு இருக்குது புழு இருக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கியே, நீ பாத்தியா?" என்று மடக்கினார். "பாத்திருக்கேன்மா. நாளைக்கு வாங்க, உங்களுக்கும் காட்டறேன்" என்றார் அவர். சொன்னபடி மறுநாள் ஆபீசுக்கு அழைத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தார். மாமியார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "அது புழுவும் இல்லை ஒண்ணும் இல்லை. என் கண்ணு மசுருதான் அதுல தெரியுது" என்று அறிவித்துவிட்டார். அவரிடம் போய் நான் இதைச் சொன்னபோது சிரித்தார். "இருக்கும்மா. முதல் நாள் எனக்கும் கண்ணு மசுருதான் தெரிஞ்சுது" என்றார்.

இதுவரை சொன்னதையெல்லாம் கேட்டால் நல்ல மனிதர் என்று தோன்றும். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தையும் சொல்ல வேண்டும். தாமலில் அவர் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அம்மா முன்பே போய்விட்டவர். மகன்கள் எல்லோரும் சுற்றி நிற்கும்போது அந்தப் பெரியவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா அங்க இருப்பாளாடா? நான் போனா பாப்பனா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "தெரியலப்பா" என்றிருக்கிறார். பெரியவர் விடாமல், "இருப்பான்னு சொல்லேன்டா" என்று கெஞ்சியிருக்கிறார். இவர் மறுபடியும், "எனக்குத் தெரியாதுப்பா" என்றாராம். பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப்பின் பேசவில்லை. காரியம் முடிந்த அன்றே அண்ணன்காரர், இனி இந்த வாசல் மிதிக்காதே என்று சொல்லி இவரை அனுப்பிவிட்டார்.

இதை அவர் மனைவி என்னோடு அரிசி புடைத்துக்கொண்டே சொல்லி அழுதார். தெரு முழுக்கவும் தெரிந்துபோயிற்று. எனக்கு மனசே ஆறவில்லை. அவர் எதிரில் வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒரு வார்த்தைதானேண்ணா. சொன்னா வாயில இருந்து முத்தா உதிந்துடும்?"

"ஒரு வார்த்தைதான்மா" என்றார். "அவரு ஆயுசு பூரா நான் சொன்னா நம்புவாரு. போற நேரத்துல ஏமாத்தி அனுப்பச் சொல்றியா?" பிறகு, "கையை மட்டும் கடைசி வரைக்கும் நான் விடலை" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

இது நடந்த மறு வருஷம் என் தங்கை பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்குத் தாய் இல்லை. அவள் ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் கலைந்துபோயிருந்தது. மூன்றாவது இது. லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, படி ஏறக் கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும். அவளும் சொன்ன பேச்சு கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் ஓட்டுக் கூரையிலிருந்து ஒரு பல்லி நேராக அவள் உச்சந்தலையில் விழுந்து, தோள்வழியாக இறங்கி ஓடிற்று.

என் மாமியார் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். பல்லி விழும் பலனில் தலைக்குச் சாவு என்றுதான் போட்டிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் எடுத்து வந்தார். பார்த்துவிட்டு மூடி, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைமா, நல்லதுதான் போட்டிருக்குது" என்றார். அவர் முகத்தை என் தங்கை பார்த்துவிட்டாள். அன்று ராத்திரியிலிருந்து சோறு இறங்கவில்லை. பிசைவாள், வாய்வரை கொண்டுபோவாள், வைத்துவிடுவாள். "தொண்டையில நிக்குதுக்கா" என்பாள். காப்பியும் கஞ்சித் தண்ணியுமாக நாள் போயிற்று. பார்க்க வந்த நர்ஸ் என்னைத் தனியாக அழைத்து, இப்படியே பட்டினி கிடந்தால் இந்தக் குழந்தையும் தங்காது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியூரில் யாருக்காவது தலையில் பல்லி விழுந்தால் காஞ்சிபுரத்துக்காரர்களைத் தேடுவார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலில், கூரையில் பதித்த தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் உண்டு. அதைத் தொட்டவர்களைப் பல்லி தோஷம் அண்டாது. தொட்டவர் கையைத் தொட்டால் அவர்களுக்கும் அப்படியே. இதனால் ஆரணி, வேலூர் எங்கே கல்யாணத்துக்குப் போனாலும் எங்களுக்கு ஒரு தனி மரியாதை. யாராவது ஓர் அம்மாள் வந்து, "நீங்க காஞ்சிபுரமா? பல்லி தொட்டிருப்பீங்களே" என்று கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நாங்களும் பெரிய மனுஷியாட்டம் கையைக் கொடுப்போம்.

உண்மை என்னவென்றால், எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பல்லியைத் தொட்டதே கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் சைவர்கள். ஏகாம்பரநாதரும் காமாட்சியும்தான் எங்களுக்கு. பெருமாள் கோயில் ஊரின் மறு கோடி. கருடசேவைக்கு வீதியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். உள்ளூர்ப் பல்லி எங்கே ஓடிவிடப் போகிறது, அப்புறம் தொட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஆயுசு பூராவும் இருந்துவிட்டோம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் மட்டும், தொடாமலா இருப்போம் என்று ஒரு சிரிப்பு.

என் தங்கைக்குக் கை கொடுக்கத் தெருப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அவள் ஒவ்வொருத்தியையும், "எப்போ தொட்டீங்க? எப்படிப் போனீங்க?" என்று கேட்டாள். ஒருத்தி, சின்ன வயசில் என்றாள். இன்னொருத்தி, பல்லி கோபுரத்தில் இருப்பதாகச் சொன்னாள். எல்லோரும் போன பிறகு நான், "சரி, இப்போவே நான் போய்த் தொட்டுட்டு வரேன், என் கையைப் புடி" என்றேன்.

"நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வந்து தொட்டேன்னு சொல்லுவே. நான் சாப்பிடணும்னா நீ இன்னா வேணாலும் சொல்லுவேக்கா. மாமாவும் அப்படித்தான்."

அவள் சொன்னது சரிதான். நான் அப்படிப்பட்டவள்தான். பிறகு அவளே அழுதுகொண்டு இன்னொன்றும் சொன்னாள். ஆரணியில் அவள் மாமியாரின் அக்காவுக்குத் தலையில் பல்லி விழுந்தபோது, காஞ்சிபுரத்து மருமகள் என்று இவள் கையைத்தான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்களாம். இவளும், தொட்டிருக்கிறேன் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாள் நல்லபடியாகத்தான் இருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

"பொய்க் கை குடுத்தேன்க்கா. பொய்க் கை காப்பாத்தாது."

நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். அவள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எதிர் வூட்டு அண்ணா தொட்டிருப்பாரா?" என்றாள். இவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவராவது பல்லியாவது என்றேன். "இல்லக்கா. செத்துக்கினு இருந்த அப்பாவுக்கே அவரு பொய் சொல்லலை. அவரு தொட்டேன்னு சொன்னா தொட்டதுதான். அவரைக் கூப்பிடு" என்றாள்.

போய்ச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு உடனே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாகத்தான் ஆரம்பித்தார்.

"பல்லி ஓட்டுல பூச்சி புடிக்கும்மா. வழுக்கினா விழும். கீழே யாரு படுத்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"அப்புறம் இன்னா பயம்? பல்லி விழுந்து செத்தவங்களை யாராவது பாத்திருக்காங்களா?"

"நான் பாத்திருக்கேண்ணா" என்றாள் என் தங்கை.

அவரை எத்தனையோ பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று முகத்துக்கு நேரே பதில் வந்தது அன்றுதான். ஆரணிக் கதையை அவள் சொன்னாள். அந்த அம்மாளுக்கு வயசென்ன, வியாதி ஏதாவது இருந்ததா என்றெல்லாம் அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கட்டிலுக்கடியில் ஈ மொய்த்துக்கொண்டிருந்த சோற்றுத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு தடவை போய்த் தொட்டுட்டு வருவீங்களாண்ணா?"

அவர் எழுந்து போய்விட்டார். எனக்குத் தங்கைமேல் கோபம். ஒரு மனிதரிடம் எதைக் கேட்பது என்று இல்லையா, அவரைப் போய் ஊர் சிரிக்க வைப்பாயா என்று சத்தம் போட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அந்தக் கோயில் எப்போமா திறப்பாங்க? எனக்கு அங்க வழி ஒண்ணும் தெரியாது. நீயும் கூட வா."

ஜட்காவில் போனோம். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திரும்பிவிடுவாரோ என்று பயம். கோயிலில் தெலுங்கு பேசும் யாத்திரைக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். படியேறி அந்த இடத்துக்குப் போனதும், அங்கே நின்ற ஆளிடம், "இதுதானே அந்தப் பல்லி? வேற எங்கேயும் இல்லையே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, "எப்படித் தொடணும்?" என்றார்.

"எல்லாரும் தொடற மாதிரி தொடுங்க சார்."

"எல்லாரும் எப்படித் தொடறாங்கன்னு கேக்கறேன்."

பின்னால் நின்ற தெலுங்கம்மாள் பொறுமை இழந்து, தலையிலிருந்து வால்வரை தடவுவதுபோல் காற்றில் கையை ஓட்டிக் காட்டினார். அவர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்த மேடையில் ஏறி நின்று, கையை உயர்த்தி, தங்கப் பல்லியைத் தலையிலிருந்து வால்வரை தடவினார். வெள்ளிப் பல்லியையும் அப்படியே. இறங்கியதும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "வழவழன்னு இருக்குது. எத்தனை ஜனம் தொட்டிருக்குதோ" என்றார். துளசி கொடுத்தார்கள். "அதை அந்தப் பொண்ணு சொல்லலை" என்று வாங்காமல் வந்துவிட்டார்.

வெளியே வந்தால், வெற்றிலைக் கடையில் படிப்பகத்துச் செயலாளர் நின்றுகொண்டிருக்கிறார். இவரைப் பார்த்ததும், "இன்னாபா, இந்தப் பக்கம்? ரத்தம் எடுக்கற வேலையா?" என்று அவரே ஒரு பதிலையும் எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இல்லபா. பல்லி தொட்டுட்டு வரேன்."

செயலாளர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நீயா?" என்றார்.

"நான்தான். ஒரு பொண்ணு கேட்டுச்சு."

படிப்பகத்துக் கூட்ட நோட்டீசில் எப்போதும் இவர் பெயரும் இருக்கும். அடுத்த நோட்டீசில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. யாரோ களிமண்ணில் ஒரு பல்லி செய்து, மஞ்சள் பூசி, இவர் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனார். வருத்தம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கே போவதென்று தெரியாமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. விளக்கம் சொல்லி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர்களே சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் அவர் போகவில்லை.

குழந்தை என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பெருமாள் காப்பாற்றினார் என்றார் என் மாமியார். படுக்கையில் இருந்ததால்தான் பிழைத்தது என்றார் லேடி டாக்டர். பல்லி தொட்டவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன்பின் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் யார்மேல் பல்லி விழுந்தாலும் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். தொட்டதைத் தொடவில்லை என்று அவரால் சொல்ல முடியாதே. மாற்றலாகிப் போகும்வரை அந்த மனிதருக்கு அந்தத் தொல்லை தீரவில்லை. இந்தக் கதையை யாருக்காவது சொன்னால், பல்லி காப்பாற்றியதா இல்லையா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலிலிருந்து திரும்பிய அந்த மத்தியானம் என் வீட்டில் நடந்ததுதான்.

ஜட்காவிலிருந்து இறங்கி நேராக உள்ளே வந்தார். தறிச் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் குழியிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். மாமியார் அடுக்களை வாசலில் நின்றார்.

"தொட்டுட்டேன்மா. தங்கம், வெள்ளி, ரெண்டையும்" என்று சொல்லி என் தங்கையிடம் வலது கையை நீட்டினார்.

அவள் கையை வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"நம்பித் தொட்டீங்களாண்ணா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. மாமியார் அவள் தலைக்குப் பின்னாலிருந்து, ஆமாம் என்று சொல்லு, சொல்லு என்று கையைக் காட்டினார். நானும் தலையை ஆட்டினேன். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

"இல்லமா" என்றார். "நம்பலை. தொட்டது நெசம். நம்பித் தொடலை."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது. அவ்வளவு தூரம் போய், அவ்வளவு பேர் பார்க்கத் தொட்டுவிட்டு வந்து, கடைசி வார்த்தையில் கெடுத்துவிட்டாரே என்று ஆத்திரம்.

என் தங்கை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரமப்பட்டு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பல்லி விழுந்த நாளிலிருந்து அவள் முகத்தில் காணாத ஒரு தெளிவு வந்தது.

"நம்பறதை நான் பாத்துக்கறேண்ணா. நீங்க கையைக் குடுங்க" என்றாள்.

அவர் கையை இரண்டு கையாலும் வாங்கி, பல்லி விழுந்த இடத்தில் உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் குனிந்தபடி நின்றார். அந்தக் கையை விடாமலே அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, சோறு போடு" என்றாள்.